மெய்யெழுத்து

எடை குறைந்தது
என்றே பதினோரு வருஷம் சொல்லிவந்தேன்.
நெல்லுக்குக் கால் முளைத்துச்
சாக்கைவிட்டு இறங்கி
தன்ல்வின் கரையோரம்
காற்று வாங்கப் போய்விட்டதுபோல.

மோல்மீன் படித்துறை, மூன்றாம் கிடங்கு.
ஞானஸ்நானத்தில் மதலைமுத்து,
கடைத்தெருவில் கோ தான் ஸோ.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
தராசுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான்தான்.
எடைக்கல்லின் அடிவயிற்றில்
ஓர் ஈயத் துண்டு.
அதை ஒட்டவைத்தது
அந்தோணியார் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகு.

முதலாளி சொன்னார், செய்தேன்.
எல்லாக் கிடங்கிலும் வழக்கம்தானே, செய்தேன்.
பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டும் மாதம்
கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன்.
மூன்றாம் கிடங்கில்
சாக்குக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

பிலூ தீவிலிருந்து படகில் வருவாள் மி சோய் மோன்.
தராசுமுள்ளைப் பார்ப்பாள்,
என் முகத்தைப் பார்ப்பாள்.
"தராசுக்குப் பொய் தெரியாது அக்கா" என்பேன்.
அதுமட்டும் உண்மை.

கணக்கு இடித்த வருஷம்
மூட்டை தூக்கும் லூர்துராயன்மேல்
பழி விழுந்தது.
விழுந்தது.
வேலை போனது.
அன்றைக்குத்தான் மழைக்காலம் தொடங்கியது.
நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம்
பாவசங்கீர்த்தனக் கூண்டில்
புதிதாய் வந்த கரேன் சாமியார்,
எங்களோடு பேசவென்று தமிழ் படித்துக்கொண்டிருந்தவர்.
"எடை குறைந்தது, சாமி" என்றேன்.
வலைக்கு அப்பால் சத்தமில்லை.
பிறகு கூச்சத்தோடு கேட்டார்:
"குறைந்ததா, குறைத்ததா?
எனக்கு இந்த இரண்டும் எப்போதும் குழம்பும்."

எனக்கும்தான் சாமி.

நடுவில் ஒரே ஓர் எழுத்து.
ந், மூக்கு வழியே நழுவிவிடும்.
த், நாக்கு பல்லில் மோதியாகவேண்டும்.
தோட்டத்தில் கேட்ட முதல் கேள்விக்கு
ஆண் விரலைப் பெண்மேல் நீட்டினான்.
பெண் பாம்பின்மேல் நீட்டினாள்.
பாம்புக்கு விரல் இல்லாததால்
பேச்சு அங்கே நின்றது.
இல்லாவிட்டால் அது
மோல்மீன் முதலாளிவரை வந்திருக்கும்.

ஞாயிறுதோறும்
அவர் சுமந்துவிட்டார், அவர் சுமந்துவிட்டார் என்று
நெஞ்சில் அடித்துக்கொண்டவன்.
ஆணி அறைந்தது யாரென்றால்
ரோமாபுரிச் சேவகர் என்றிருப்பேன்.
சிலுவையையும் ஒரு சாக்காக மடித்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"குறைத்தேன்" என்றேன்.
மூட்டைக்கு அரை வீசை முதலாளி சொல்லி.
அது அவர் கணக்கு, அவர் வாய் அவரிடம்.
மேலே ஒரு வீசை
யாரும் சொல்லாமல் நானே.
குறைத்தேன்.
லூர்துராயன்மேல் பழியை
விழவைத்தேன்.

சாமியார் மன்னிப்பைச் சொன்னார்,
உச்சரிப்புப் பிசகாமல்.
மன்னித்தார் கடவுள்; சரி.
அந்த நெல் இன்னும் மி சோய் மோனுடையதுதான்.

தீவுக்கு இப்போது பாலம் போட்டுவிட்டார்கள்.
படகு இல்லை என்றும் சொல்லமுடியாது.
வீட்டு வாசலில் முளைகட்ட விதைநெல் நனைத்துக்கொண்டிருந்தாள்.
பர்மியத்திலும் அப்படித்தான்:
யோ என்றால் தானே குறைவது,
ஷோ என்றால் ஆள் குறைப்பது.
நடுவே ஒரு மூச்சு.
அந்த மூச்சை விட்டேன்.

அவள் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள்.
"தெரியும்" என்றாள்.
"ஒவ்வொரு வருஷமும் வீட்டில் அளந்துதான் கொண்டுவந்தேன்."
உட்காரச் சொல்லவில்லை.
தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

லூர்துராயன்
எல்லை தாண்டி மெ சாட் பக்கம் போய்விட்டானாம்.
எந்தக் கிடங்கில்
யார் மூட்டையைத் தூக்குகிறானோ.
மூன்று கடிதம் போட்டேன், முகவரி தவறி
இல்லை,
முகவரியை விசாரிக்காமலே போட்டேன்.
அடுத்த மாதம் நேரில் போகிறேன்.
அவனிடம் சொல்லவேண்டிய சொல்
இன்னும் பல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது:
த்